முதல் குண்டு கணக்கில்லை

— முதல் குண்டு கணக்கில்ல வாலு. எத்தனை தடவை சொல்றது? ரெண்டு தடவை வலையில சும்மா சுட்டுத் துப்பிட்டு, அப்புறம் துப்பாக்கியை வேக மீட்டருக்கு முன்னாடி நீட்டு.

— துப்பிட்டேன் அண்ணி.

— எப்ப துப்பின? நான் பார்க்கலையே.

— நீங்க அந்த வாஷர் டப்பாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தீங்க. சத்தம் கூடவா காதுல விழல?

— காதைப் பத்தி மட்டும் என்கிட்ட பேசாத. உங்க அண்ணனோட ஒரு காதை வச்சுக்கிட்டு நான் படுற பாடு போதும். கண்ணாடியை மாட்டு. நெத்தியில இல்லடி, கண்ணுல. ம், அடி.

— எவ்வளவு காட்டுது?

— இருநூத்து எண்பத்தி ரெண்டு. இன்னொண்ணு அடி. எண்பது. இன்னொண்ணு. எண்பத்தொண்ணு. போதும் நிறுத்து, வலை பூரா உங்க டீம் மஞ்சளா ஆயிடுச்சு. உங்க கேப்டனுக்கு இதைவிட மட்டமான பெயிண்ட் குண்டு கிடைக்கவே இல்லையா? எதிர் டீம் நீலம் இருக்கே, ஒரு வாளி தண்ணி ஊத்தினா ஓடிடுது. உங்க மஞ்சள் ஒட்டினா ஒட்டினதுதான். என் மேசையைப் பாரு, மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கு.

— மலிவா கிடைச்சுதுன்னு வாங்கிட்டார் அண்ணி. அதை விடுங்க. துப்பாக்கியைச் சொல்லுங்க.

— துப்பாக்கிக்கு என்ன? நல்லா கேளு. குண்டு வினாடிக்கு முன்னூறு அடி வேகத்தைத் தாண்டினாதான் தப்பு. உன்னோடது இருநூத்து எண்பதுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இந்த கிரவுண்டுல இவ்வளவு ஒழுங்கா அடிக்கிற துப்பாக்கி இன்னொண்ணு காட்டு பார்க்கலாம். காத்து ரெகுலேட்டர்ல நான் கை வச்சா அப்படித்தான்.

— மீட்டர்ல நிக்குது. ஆட்டத்துல நிக்கல.

— ஆட்டத்துல என்ன பண்ணுதாம்?

— முதல் குண்டு மட்டும் பறக்குது. தோளுக்குக் குறி வச்சா தலைக்கு மேல போகுது. ரெண்டாவதுல இருந்து சொன்ன பேச்சு கேக்குது.

— உன்னை மாதிரிதான். முதல்ல ஒரு ஆட்டம் போட்டுட்டு அப்புறம்தான் வழிக்கு வரும்.

— விளையாடாதீங்க அண்ணி. சத்தியமா.

— சாயங்காலம் ஃபைனல். பயந்துட்ட நீ. பழியைத் துப்பாக்கி மேல போடுற.

— எனக்கா பயம்? அந்த ஒரே ஸ்க்ரூவை எத்தனை தடவை கழட்டி மாட்டிட்டீங்கன்னு உங்களுக்கே தெரியல. கொஞ்சம் உக்காருங்களேன். நீங்க இங்கேயும் அங்கேயும் நடக்கறதைப் பார்த்தா எனக்குக் கிறுகிறுங்குது.

— எப்படி உக்கார்றது? நாலு மணிக்கு கிரவுண்டுக்காரங்க ஆபீஸ்ல என் புகாரை விசாரிக்கிற மீட்டிங். கால் தரையில பாவ மாட்டேங்குது. அந்தக் கடிகாரம் வேற ஓடுதா நிக்குதான்னே தெரியல.

— ஓடுது. இப்பதானே பார்த்தீங்க.

— துப்பாக்கியை அப்படியே மேசை மேல வை. ஃபைனலுக்கு இதுவே போதும். நோண்டாத.

— அந்த நீல டீம் பையன் கொக்கை என்ன பண்ணுவாங்க அண்ணி?

— ஒரு வருஷம் இந்த கிரவுண்டுக்குள்ள கால் வைக்க விடக் கூடாது. நான் கேட்டதே அதுதான்.

— ஒரு வருஷமா? அடுத்த மாசம் பெரிய டீமுக்கு அவனை எடுக்கப் போறாங்க. அவன் அதுக்காக வேலையைக் கூட விட்டுட்டான்.

— விடட்டும். அவன் வேலை போச்சுன்னு நீ உருகுற. உங்க அண்ணன் செவிப்பறை கிழிஞ்சதுக்கு யாரு உருகுறா? தானா மூடினாலும் மூடும், மூடாமலும் போகும்னு டாக்டர் கையை விரிச்சிட்டார். இடது பக்கம் ஒரு இழவும் கேக்கல. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அவருக்கு இடது பக்கம்தான் படுக்கறது. விளக்கை அணைச்சப்புறம் ஏதாவது வாய் ஓயாம பேசிக்கிட்டே இருப்பேன். அவரு ம், ம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் அப்படியே தூங்கிடுவேன். இப்ப அந்த ம் இல்ல. போன வாரம் பாதி ராத்திரி வரைக்கும் செவுத்துக்குப் பேசியிருக்கேன் நான்.

— இடம் மாத்திப் படுங்களேன்.

— மாத்திப் பார்த்தோம். ரெண்டு பேருக்கும் தூக்கம் வரல.

— அண்ணி.

— என்ன?

— அடிச்சது கொக்குதான்னு எப்படிச் சொல்றீங்க? யாருமே பார்க்கலையே.

— வேற எவன்? அன்னைக்கு ஆட்டத்துல உங்க அண்ணன் நடுவரா நின்ன இடத்துக்கு நேர் எதிர்ல அவன்தான் மழை மாதிரி கொட்டிக்கிட்டு இருந்தான். மாஸ்க்குக்கு வெளிய இருந்த காதுல நேரா விழுந்திருக்கு. ஏற்கெனவே ஒரு தடவை முன்னூறைத் தாண்டி மாட்டினவன் அவன். திருந்துற ஜென்மமா அது?

— டாக்டர்கிட்ட இருந்து திரும்பி வந்ததும் எல்லார் துப்பாக்கியையும் நீங்களே மீட்டர்ல பார்த்தீங்க. அவனோடது சரியாத்தானே இருந்துச்சு.

— ஆலன் கீயை வச்சு ரெகுலேட்டர் ஸ்க்ரூவை ஒரு கால் திருப்பு திருப்பினா வேகம் இறங்கிடும். இங்க வந்து சேர்றதுக்குள்ள இறக்கியிருப்பான். எனக்கேவா தெரியாது?

— உங்க வீட்டுக்கு வந்தானாமே.

— வந்தான். வாசல்ல நின்னு, சாருக்கு இப்ப எப்படி இருக்குக்கான்னு கேட்டான். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன். அக்காவாம் அக்கா.

— அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?

— அவரா? வாயில்லாப் பூச்சி. யார் அடிச்சதுன்னு கேட்டா, பார்க்கலங்கறார். புகார் கொடுக்கலாம்னா, வேண்டாம் விட்டுடுன்னு ஒத்தக் கால்ல நிக்கறார். நான்தான் கேக்காம கொடுத்தேன். அன்னைக்கு அவர் பண்ணின கூத்து தெரியுமா உனக்கு? காதுல இருந்து ரத்தம் வடியுது. இங்க எல்லாரும் வண்டியை எடுக்க ஓடறோம். ஐயா என்னடான்னா குழாயடியில நின்னு சட்டையைக் கழட்டித் துவைச்சுக்கிட்டு இருக்கார்.

— துவைச்சாரா? அண்ணனா?

— ஆமா. கட்டிக்கிட்டதுல இருந்து ஒரு கைக்குட்டையை நனைச்சது கிடையாது. கேட்டா, டாக்டர் முன்னாடி கோமாளி மாதிரி போய் நிக்கவான்னு கேக்கறார்.

— அண்ணனுக்கு எப்ப இருந்து அழகு மேல அக்கறை வந்துச்சு?

— அதைத்தான் நானும் கேட்டேன். அத்தோட அந்தச் சட்டையும் போச்சு. கிழிஞ்சுடுச்சு, எறிஞ்சுட்டேன்னுட்டார். புதுச் சட்டை அது, ரெண்டு தடவை கூடப் போடல. சிரிக்காத.

— சிரிக்கல அண்ணி.

— பின்ன ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?

— ஒண்ணுமில்ல. இப்ப ஒரு தடவை அடிக்கட்டுமா? துப்பாம. அப்படியே.

— துப்பாம அடிச்சா தப்புக் கணக்கு காட்டும்.

— காட்டட்டுமே. ஆட்டத்துல யாரும் துப்பிட்டு அடிக்கறதில்லையே.

— பெரிய கண்டுபிடிப்பு. அடிச்சுத் தொலை. கண்ணாடி, கண்ணாடி.

— அடிச்சுட்டேன். எவ்வளவு அண்ணி?

— மீட்டர் உளறுது.

— எவ்வளவுன்னு உளறுது?

— முன்னூத்தி முப்பத்தொண்ணு. இன்னொண்ணு அடி. நிறுத்தாத, அடி. எண்பத்தி மூணு. இன்னொண்ணு. எண்பத்தொண்ணு. பார்த்தியா? சும்மா கிடந்த மீட்டர் திடீர்னு முழிச்சா அப்படித்தான் உளறும். பேட்டரி வேற பழசு.

— அப்போ வேற பேட்டரி போடுங்க.

— போட்டா என்ன தரப் போற? இரு. ம், போட்டாச்சு. இப்ப அடி. எண்பது. சுத்தமா இருக்கு. திருப்தியா?

— இது முதல் குண்டு இல்லையே அண்ணி. மேசை மேல வச்சுடறேன். நீங்களும் தொடாதீங்க, நானும் தொடல. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.

— எனக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சியா?

— துப்பச் சொல்லி முதல்ல யார் அண்ணி சொன்னது?

— வேற யாரு, நான்தான். புதுசா கிரீஸ் போட்ட ரப்பர் ரிங்கு சும்மா கிடந்தா ஒட்டிக்கும். முதல் குண்டு மந்தமா வரும். மீட்டர் இருநூத்து நாப்பதுன்னு காட்டும். உடனே இந்தப் பசங்க ஓடிப் போய் ஸ்க்ரூவைத் திருகி ஏத்திடுவாங்க. அப்புறம் அத்தனையும் முன்னூறைத் தாண்டும். அதுக்காகத்தான் முதல் ரெண்டையும் கணக்குல சேர்க்காதீங்கன்னு ஒவ்வொருத்தர் மண்டையிலயும் ஏத்தி வச்சேன். அன்னையில இருந்து இங்க ஒரு சண்டை கிடையாது.

— மந்தமா வராம, வேகமா வந்தா?

— எங்க?

— முதல் குண்டு.

— வந்தா... துப்புறப்போ போயிடும். மீட்டர்ல விழாது.

— அப்போ இங்க இருக்கற எந்தத் துப்பாக்கியோட முதல் குண்டையும் யாரும் பார்த்ததே இல்ல.

— வாயை மூடு கொஞ்ச நேரம்.

— மூடிட்டேன்.

— அதை எடு. நேரா நீட்டு. அடி.

— எவ்வளவு?

— முன்னூத்தி முப்பத்தி நாலு.

— முன்னைவிட ஜாஸ்தி.

— முன்னைவிட ஜாஸ்தி நேரம் கிடந்துச்சு. கொடு அதை இப்படி. இதுல இருந்த கேஜ் எங்க? காத்தழுத்தம் காட்டுற முள்ளு இருக்குமே, அது எங்க?

— கையுறையில மாட்டுதுன்னு சொன்னேன், நீங்கதான் கழட்டிட்டு ஓட்டையை அடைச்சுக் கொடுத்தீங்க.

— நானா?

— டீ குடிச்சுக்கிட்டே அடைச்சீங்க. இனிமே முள்ளைப் பார்க்கற வேலை உனக்கு வேண்டாம், என் வேலையில முள்ளு ஏறவே ஏறாதுன்னு சொன்னீங்க.

— வாய்க்கொழுப்பு எனக்கு. சிலிண்டரைக் கழட்டு. உள்ள இருக்கற காத்தை விடு. பூராவும் விடு. அந்தச் சின்ன ஸ்பேனரை எடு. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. ம். கேஜை மாட்டியாச்சு. இப்ப சிலிண்டரைப் போடு, மெதுவா. ரெண்டு துப்பு.

— துப்பினேன்.

— முள்ளு எங்க நிக்குது?

— நீங்க போட்ட சிவப்புக் கோட்டு மேல.

— அங்கேயே நிக்கணும். நல்லா கேளு. ரெகுலேட்டர்ங்கறது குழாய் மாதிரி. வேண்டிய காத்து வந்ததும் தானா மூடிக்கணும். உள்ள அடைக்கற சீட்டுங்கற வில்லையில ஒரு முடியளவு கீறல் இருந்தா, மூடின மாதிரி இருக்கும், ஆனா கசிஞ்சுக்கிட்டே இருக்கும். சொட்டுச் சொட்டா வாளி நிறையறாப்பல அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். அடுத்து அடிக்கறியே அந்த ஒரு குண்டு, அது எல்லாத்தையும் சேர்த்து வாங்கிக்கிட்டுப் போகும். அப்புறம் அடிக்கறதெல்லாம் சரியா இருக்கும். ஏன்னா கசியறதுக்கு நேரமே கிடைக்காது.

— முள்ளு நகருது அண்ணி.

— உன் கண்ணு நகருது.

— சத்தியமா. கோட்டைத் தாண்டிடுச்சு.

— தெரியுது. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அண்ணி, தொடர்ந்து அடிக்கறவன் துப்பாக்கியில இது நடக்குமா?

— எதுக்குக் கேக்கற?

— கொக்கு மழை மாதிரி கொட்டிக்கிட்டு இருந்தான்னு சொன்னீங்க.

— ஆமா, சொன்னேன்.

— அப்போ அவனுக்குக் கசியறதுக்கு நேரம் ஏது?

— எத்தனையோ பேர் சுட்டாங்க அன்னைக்கு. யாரோ ஒருத்தனோட துப்பாக்கி. இதேதான்னு எவன் சொன்னான்? சும்மா இல்லாததை இழுத்து வச்சுக்காத. கடிகாரத்தைப் பாரு.

— நான் அன்னைக்கு ட்ரம் அடுக்குக்குப் பின்னாடி படுத்துக் கிடந்தேன். எங்க டீம்ல அந்தப் பக்கம் நான் மட்டும்தான்.

— யார் கேட்டா உன்னை?

— ரொம்ப நேரம். எறும்பு கால்ல ஏறிக் கடிச்சுது, அசையல. எதிர் ஆள் சுவர் ஓரமா வருவான்னு கேப்டன் சொல்லியிருந்தார். ஒரு நிழல் வந்துச்சு. தோளுக்குத்தான் குறி வச்சேன். ஒரே ஒரு குண்டு. பட்டுதா படலையான்னு தெரியல. பட்டிருந்தா அவுட்டுன்னு அவன் கையைத் தூக்கியிருப்பான், யாரும் தூக்கல. மேல போயிடுச்சுன்னு நெனச்சேன்.

— அப்போ மேலதான் போயிருக்கும்.

— அண்ணன் அப்ப விசில் ஊதிக்கிட்டு இருந்தார் அண்ணி. அந்த விசில் பாதியில நின்னுச்சு. நான் அடிச்சதும் நின்னுச்சு. அடிச்ச உடனே. ஏன் நின்னுச்சுன்னு அங்க படுத்துக்கிட்டே யோசிச்சேன். அப்புறம்தான் எல்லாரும் கத்தினாங்க. அன்னையில இருந்து எனக்கு அந்தப் பாதி விசில்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. சாப்பிட உக்கார்ந்தா கேக்குது. குளிச்சா கேக்குது. என் துப்பாக்கி சரின்னு உங்க மீட்டர் சொல்லிடுச்சேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். முடியல. அதான் காலையில இருந்து உங்க பின்னாடியே சுத்தறேன்.

— இதை ஏன்டி அன்னைக்கே சொல்லல?

— எதை வச்சுச் சொல்றது? துப்பாக்கி எண்பதுல நிக்குதே. நீங்களும் மறுநாளே கொக்கு மேல புகார் கொடுத்துட்டீங்க. எனக்குக் கொஞ்சம் நிம்மதியா கூட இருந்துச்சு. அதுதான் அண்ணி என்னால தாங்க முடியல.

— சிலிண்டரைக் கழட்டு.

— ஏன்?

— கழட்டுன்னா கழட்டு. அந்த மேல் தட்டுல பிளாஸ்டிக் டப்பா இருக்கு பாரு, எடு. புது சீட். இதை மாத்தி, கேஜையும் கழட்டி, ஓட்டையை அடைச்சுக் கொடுத்துடறேன். நீ போய் ஃபைனல் ஆடு.

— பழைய சீட்டு?

— இதோ கழட்டியாச்சு, கீறல் தெரியுது பாரு. குப்பைத் தொட்டி எதுக்கு இருக்கு?

— அண்ணி.

— என்னடி அண்ணி அண்ணின்னு? உன்னைத் தூக்கி வளர்த்தவர் உங்க அண்ணன். நீ சுட்டுத்தான் அவர் காது போச்சுன்னு அவர் முன்னாடி போய் எப்படிச் சொல்றது? அவரு தாங்குவாரா? இந்த ரெகுலேட்டரைப் பூட்டினவ நான். முள்ளைப் பிடுங்கினவ நான். துப்பச் சொன்னவ நான். நாளைக்கு இந்த ரூமுக்குள்ள எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் நுழையறது? ஒரு நிமிஷ வேலை. மாத்திட்டா முடிஞ்சுது.

— கொக்குக்கு முடியலையே.

— புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். ஏதாவது சொல்லிக்கறேன்.

— இனிமே ஆபீஸ்ல விட மாட்டாங்க. நடுவர் காது போயிருக்கு, யாராவது ஒருத்தனைப் பிடிச்சே ஆகணும் அவங்களுக்கு. நீங்க வாபஸ் வாங்கினா, பயந்துட்டீங்கன்னு சொல்லி அவனை இன்னும் அழுத்துவாங்க. அவன் உங்களை அக்கான்னு கூப்பிட்டான் அண்ணி.

— குத்திக் காட்டாத.

— அந்தப் பழைய சீட்டைக் கொடுங்க.

— வாலு, சொல்றதைக் கேளு.

— கொடுங்க அண்ணி. நான் இதையும் துப்பாக்கியையும் எடுத்துக்கிட்டு ஆபீஸுக்குப் போறேன். ஃபைனல் யார் வேணா ஆடிக்கட்டும்.

— மெதுவாப் பேசு. உங்க அண்ணன் வண்டிச் சத்தம்.

— நல்லதாப் போச்சு. வரட்டும்.

— என்ன, ரெண்டு பேரும் செவுத்துக்குக் கேக்காம ரகசியம் பேசறீங்க? அதாவது, கிளம்பலாமா? நாலாகப் போகுது. ஏன் ரெண்டு பேர் மூஞ்சியும் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?

— அண்ணா, இங்க வா. இந்தப் பக்கம் நில்லு. வலது காதுல சொல்லணும்.

— சொல்லும்மா.

— உன்னை அடிச்சது நான். கொக்கு இல்ல. என் துப்பாக்கி முதல் குண்டை முன்னூத்தி முப்பதுக்கு மேல அடிக்குது. சீட்டுல கீறல். இந்தா, நீயே பாரு. ட்ரம் அடுக்குக்குப் பின்னாடி இருந்து ஒரே ஒரு குண்டு அடிச்சேன். அப்பதான் உன் விசில் நின்னுச்சு.

— அதாவது... துப்பாம அடிச்சிருப்ப. துப்பாம அடிச்சா தப்பாத்தான் காட்டும். உங்க அண்ணியைக் கேளு, சொல்லுவா.

— என் பேச்சை எனக்கே திருப்பாதீங்க. நான் முள்ளைப் பார்த்தேன். ஏறுது.

— ஏறினா என்ன இப்போ? புதுசு ஒண்ணு மாத்திக் கொடு அவளுக்கு. ஆடட்டும். வருஷம் பூரா இந்த ஒரு ஃபைனலுக்குத்தானே ஓடினா. நான் மீட்டிங்ல எதையும் பார்க்கலன்னு சொல்லிடறேன். பார்க்கல, அதானே நிஜம்.

— பார்க்கலன்னு நீ சொன்னா பழி கொக்கு மேல விழும் அண்ணா.

— அவனுக்கு வயசு இருக்கும்மா. ஒரு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். நீ அப்படி இல்ல. நீ இதைத் தலையில சுமந்துக்கிட்டே திரிவ. எனக்கு உன்னைத் தெரியாதா?

— என்னங்க.

— அதாவது, கேஜை மட்டும் கழட்டாத. அது இருக்கட்டும் இனிமே.

— என்னங்க, இங்க பாருங்க. என் மூஞ்சியைப் பாருங்க.

— பார்க்கறேன். சொல்லு.

— இந்த முள்ளு ஏறினதைப் பார்த்து பழைய சீட்டைக் குப்பையில போடப் பார்த்தேன் நான். உங்க கூடப்பிறந்தவ வந்து, உன் காதைக் கிழிச்சது நான்தான்னு சொல்றா. நீங்க என்னடான்னா கேஜைக் கழட்டாதங்கறீங்க. கோபம் வரல உங்களுக்கு. ஆச்சரியம் கூட வரல.

— வயசாச்சு. ஆச்சரியம் எல்லாம் எதுக்கு?

— புகார் வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே, அது கொக்குக்காக இல்ல.

— நேரமாச்சு. வண்டியில ஏறு.

— ஏற மாட்டேன். அந்தச் சட்டை எங்க?

— எந்தச் சட்டை?

— குழாயடியில நின்னு துவைச்சீங்களே, அந்தப் புதுச் சட்டை.

— கிழிஞ்சுடுச்சுன்னு சொன்னேனே.

— காதுதான் கிழிஞ்சுது. சட்டை எங்க?

— அண்ணா, சொல்லேன்.

— வண்டி சீட்டுக்கு அடியில கிடக்கு. எறியத்தான் போனேன், கை வரல. இத்தனை வருஷமா இங்க விசில் ஊதறவன் நான்.

— காது வலியோட அதை எதுக்கு அண்ணா துவைச்ச?

— காலர்ல தெறிச்ச பெயிண்டை மூணு தடவை சோப்பு போட்டுக் கசக்கினேன்மா. நீலமா இருந்திருந்தா ஒரு அலசுல போயிருக்கும்.